ஒட்டிய சீட்டை உரிப்பது எங்ஙனம்?



சென்ற திங்கள் இப்பகுதியில், பருப்பு வகைகளில் வண்டு விழாமற் காக்கும் முறைகளை எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்கள் என்னை ரயில் நிலைய நடைமேடையிலும், காய்கறிக் கடையிலும், மாடிப்படியிலும் நிறுத்தி உரையாடினர். ஆயினும் ஒருவரேனும் வண்டைப் பற்றிப் பேசினாரில்லை. "பொங்கல் விழாவுக்கு வாங்கிச் சென்ற எங்கள் பாத்திரங்களில் ஒட்டி அனுப்பினீர்களே, அந்தச் சீட்டை எடுப்பதற்கு வழி என்ன?" என்பதே அனைவருடைய வினாவும். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஒட்டியவன் நான்.

நடந்ததை அறியாதோர்க்குச் சொல்லிவிடுகிறேன். நம் திலக் நகரில் விழா என்றால், பதினெட்டு இருபது வீடுகளிலிருந்து அண்டா, தவலை, தாம்பாளம், கரண்டி எனப் பாத்திரங்களை இரவல் பெற்றுச் சமைப்பது வழக்கம். இன்னார் பாத்திரம் இது என்று அறிய, முற்காலத்தில் காதில் நூல் கட்டினர். பின்னர் நகப்பூச்சினால் புள்ளி வைத்தனர். சென்ற ஆண்டு ஒரே அளவுள்ள இரண்டு தாம்பாளங்கள் வீடு மாறிச் சென்று, இரு குடும்பத்தார் மூன்று திங்கள் வரை முகங்கொடுத்துப் பேசாத நிலை வந்தது. ரயில்வேயில் பார்சல் சிப்பங்களுக்கு எண்ணிட்டே பழகிய குமாஸ்தா நான். ஆகவே எண்ணிடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். செம்பூர்க் கடைத்தெருவில் ஒட்டுச் சீட்டுச் சுருள் ஒன்று வாங்கி, கட்டட எண்ணும் வீட்டு எண்ணும் எழுதித் தொண்ணூற்று மூன்று பாத்திரங்களில் ஒட்டினேன். ஒட்டியதோடு நில்லாமல், கழன்று விழுந்துவிடலாகாதே என்று ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தியும் விட்டேன். பாத்திரம் ஒன்றும் காணாமற் போகவில்லை. சீட்டும் ஒன்று கூடப் போகவில்லை!

இது வேடிக்கையாகவே முடிந்திருக்கும், எதிர்வீட்டு ஆச்சி தம்முடைய பித்தளைத் தவலையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாயிலுக்கு வராதிருந்தால்.

அத்தவலை திருநெல்வேலிச் சீமையிலிருந்து அறுபது ஆண்டுகளுக்கு முன் அவர் மணமாகி மும்பை வந்தபோது உடன் வந்தது. அதைச் சீராகக் கொடுத்தவர் அவருடைய அன்னையார். கழுத்தின் கீழே அன்னையாரின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருந்தது. அவசரத்தில் நான் சீட்டை ஒட்டியது மிகச்சரியாக அப்பெயரின் மீதுதான். வீட்டுப் பேரப்பிள்ளை, பாட்டிக்கு உதவுவதாக எண்ணித் திருப்புளியை எடுத்துச் சுரண்டியிருக்கிறான். சீட்டு போயிற்று. பெயரின் கடைசி இரண்டெழுத்துகளும் உடன் போயின. ஆச்சி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஏய்யா, சீட்டு போயிட்டுது, அதுகூட எங்க அம்மை பேரும் போயிட்டுதே" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. மறுநாள் முதல் இச்சீட்டு விஷயத்தை நான் ஆராயத் தொடங்கினேன். மெட்ரிகுலேஷனோடு நின்றவன் ஆராய்வதா என்று நகைக்க வேண்டாம். பழைய தகரத் துண்டுகளிலும் எங்கள் வீட்டுப் பாத்திரங்களிலும் ஒட்டி ஒட்டி உரித்துப் பார்த்து, அறிந்தோரையும் கேட்டு, நூல்களையும் பார்த்து எழுதுகிறேன்.

முதலில் பசையைப் பற்றி. என் தந்தையார் காலத்தில் பெட்டிகளில் காகிதச் சீட்டு ஒட்டுவதற்கு மைதா மாவைக் கஞ்சியாகக் காய்ச்சுவார்கள். பூச்சி அரிக்காமலிருக்கச் சிறிது மயில்துத்தம் சேர்ப்பதும் உண்டு. அது நீரில் ஆன பசை. நீர் வற்றினால் பிடிக்கும். நீரில் ஊறினால் விடும். தச்சர்கள் பயன்படுத்தும் பெவிக்கால் போன்ற வெள்ளைப் பசையும் நீர் காய்ந்தே இறுகுவது. ஆனால் இப்போதைய ஸ்டிக்கரின் பின்புறத்தில் இருப்பது வேறு இனம். ரப்பரோ அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருளோ பிசினோடு கலந்து செய்த அப்பசை என்றைக்கும் காய்வதே இல்லை. கண்ணுக்குத் திடப்பொருள் போலத் தோன்றினும், மிக மிக மெதுவாக வழிந்துகொண்டே இருக்கும். அழுத்த அழுத்த, நாளாக ஆக, உலோகத்தின் மேலுள்ள நுண்ணிய கீறல்களுக்குள்ளெல்லாம் புகுந்து நிறைந்துகொள்ளும். கட்டைவிரலால் நான் அழுத்தியதன் பலன் இப்போது விளங்குகிறதல்லவா? அடுப்பருகே வெப்பம்பட்டு இரண்டு திங்கள் கடந்தபின், அது இளக்கமும் இழந்து மெழுகுக் கறைபோல் இறுகிவிடுகிறது. ஆகவே புதுப் பாத்திரம் வாங்கினால், சீட்டை அன்றே எடுப்பது எளிது. அடுத்த ஆண்டு எடுப்பது அரிது.

இவ்வகைச் சீட்டை வணிகத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்டான்டன் ஏவரி என்னும் அமெரிக்கர். 1935இல், லாஸ் ஏஞ்சலீஸ் நகரில், சலவை இயந்திரத்து மோட்டாரையும் தையல் இயந்திரத்து உறுப்புகளையும் கொண்டு தம் முதற் பொறியை அமைத்தார். அதற்கான நூறு டாலரைக் கடன் கொடுத்தவர் பின்னாளில் அவருக்கு மனைவியான பெண்மணி. தம் தொழிலுக்கு அவர் இட்ட பெயர் 'கம் கிளீன்'. சுத்தமாகக் கழன்று வந்துவிடும் என்பது அதன் பொருள்! ஆச்சியின் தவலையை மடியில் வைத்துக்கொண்டு இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேதனையும் வந்தது.

நிற்க. நீரில் ஊற வைத்து நீரையே நம்பியிருப்போர் ஏமாறுவதன் காரணம் இதுவே. நீர் காகிதத்தை ஊறச் செய்து எடுத்துவிடும், பசையைத் தொடாது. பிசுபிசுப்பு அப்படியே நிற்கும். உடனே கத்தியையும் இரும்பு நாரையும் எடுக்கிறோம். இங்கேதான் பாத்திரம் பாழாகிறது. பசை ரப்பர் இனத்தது. அதை இளக்குவன இரண்டே: ஒன்று வெப்பம், மற்றொன்று எண்ணெய். கையாலோ கத்தியாலோ காட்டும் பலம் மூன்றாவது இடத்துக்குக் கூட வருவதில்லை.

வெப்பத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பாத்திரத்தின் வெளிப்புறத்தில் சீட்டு இருப்பின், உள்ளே கொதிநீரை அவ்விடத்துக்கு மேலே நிற்கும்படி ஊற்றி, ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். உலோகம் வெப்பத்தை விரைந்து கடத்துவதாகையால் பசை பின்புறத்திலிருந்தே இளகும். பின்னர் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, சீட்டைப் பாத்திரத்தோடு ஒட்டினாற்போல் பின்னுக்கு மடித்து, மெதுவாக இழுங்கள். மெதுவாக என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டுகிறேன். வெடுக்கென்று இழுத்தால் காகிதம் கிழிந்து வரும், பசை அங்கேயே தங்கும். ஆமை வேகத்தில் இழுத்தால் பசையும் காகிதத்தோடு கூடவே வரும். அவசரக்காரர்களுக்கு இது ஒரு தவம்தான். தட்டின் உட்புறத்தில் சீட்டு ஒட்டியிருந்தால், பின்புறத்தை அடுப்பின் சிறு தீயில் சில நொடிகள் காட்டி எடுக்கும் வழக்கம் நம் பெண்மணிகளிடம் உண்டு. அது பலிக்கும். ஆயின் கைபேசி அடித்தது என்று மறந்து நின்றால், எவர்சில்வர் மஞ்சளும் நீலமுமாக நிறம் மாறிவிடும். சீட்டும் கருகிப் பிடித்துக்கொள்ளும். கொதிநீருக்கு நூறு டிகிரிக்கு மேல் சூடேறத் தெரியாது. ஆதலால் நான் நீரையே நம்புகிறேன்.

வெப்பத்துக்கும் அஞ்சாத மிச்சத்துக்கு எண்ணெய். தேங்காயெண்ணெயோ கடலையெண்ணெயோ எதுவாயினும் சரி. காகிதச் சீட்டாயின் எண்ணெய் அதனூடே ஊறி இறங்கும். பிளாஸ்டிக் சீட்டாயின் இறங்காது. அதன் மேற்தோலை முதலில் வெந்நீரால் உரித்துவிட்டு, எஞ்சிய பசையின்மேல் எண்ணெய் தடவ வேண்டும். தடவியவுடன் தேய்க்காதீர்கள். அரை மணி நேரம், பழைய கறையாயின் ஓர் இரவு, அப்படியே விட்டுவிடுங்கள். பின்னர் சமையல் சோடாவைச் சிறிது தூவி, துணியால் வட்டமாகத் தேய்த்தால், பசை சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டு வரும். அதைக் காண்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது! என் மகள் அந்த வேலைக்காகவே தன் வீட்டுப் பாடத்தை விரைந்து முடிக்கிறாள். முடிவில் சோப்பும் வெந்நீரும் இட்டுக் கழுவிவிட்டால், எண்ணெயும் போய்விடும்.

எண்ணெய்ப்படக் கூடாத சிறு உறுப்புகளுக்கு வேறு இரண்டு உபாயங்கள் உண்டு. செல்லோடேப்பைப் பசையின்மேல் அழுத்தி அழுத்தி எடுத்தால், பசையைப் பசையே கவர்ந்து வரும். பூட்டு, சாவி, தாழ்ப்பாள் போன்றவற்றைக் குளிர்பெட்டியின் பனி அறையில் ஒரு மணி நேரம் வைத்தெடுத்தால், பசை விறைத்து நொறுங்கும். உடனே மரக்குச்சியால் தட்டிவிடலாம். கை சூடு ஏறிவிட்டால் மறுபடி பிசுபிசுக்கும் என்பதை நினைவிற் கொள்க.

இரும்பு நாரைப் பற்றிச் சிறிது கூறாமல் விட முடியவில்லை. எவர்சில்வர் என்கிறோம், அதில் வெள்ளி அணுவளவும் இல்லை. இரும்பில் குரோமியம் சேர்த்துத் துருவை எதிர்க்கும் எஃகை 1913இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பார் உருவாக்கினார். குரோமியம் காற்றோடு கூடி, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய போர்வை ஒன்றை மேலே விரிக்கிறது, அதுவே காவல். இரும்பு நாரால் தேய்க்கும்போது நாரின் இரும்புத் துகள்கள் கீறல்களில் தங்கிவிடுகின்றன. நான்கு நாளில் அத்துகள் துருப்பிடித்துச் செம்புள்ளி தோன்றும். "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், இது நல்ல எவர்சில்வரே அன்று" என்று நாம் சண்டைக்குப் புறப்படுகிறோம். துரு பாத்திரத்துடையது அன்று, நாருடையது.

மற்ற உலோகங்களுக்கும் ஓரிரு சொற்கள். அலுமினியப் பாத்திரத்துக்கு எண்ணெயும் வெந்நீரும் மட்டுமே. சலவைச் சோடா அதனைக் கறுப்பாக்கி அரிக்கும். பித்தளை, செம்பு இவற்றில் சீட்டை எடுத்த பின்னும் சதுரமாக ஒரு நிழல் தெரியும். அது பசை அன்று. சுற்றிலும் களிம்பேறிய உலோகத்தின் நடுவே மூடிக் கிடந்த இடம் பளபளப்பாகத் தெரிவதே. புளியிட்டு முழுவதும் துலக்கினால் மறையும். குளிர்பெட்டியின் கதவும் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தொட்டியும் வர்ணம் பூசியவை. அங்கே தின்னரைத் தொட்டால் சீட்டுக்கு முன் வர்ணம் போகும். ஊருக்கு வண்டியைப் பார்சலில் அனுப்பிய நம் அன்பர் ஒருவர், தொட்டியில் ஒட்டிய விலாசச் சீட்டைத் தின்னரால் எடுத்துவிட்டு, பின்னர் அவ்விடத்தை மறைக்க முருகப்பெருமான் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிக்கொண்டு திரிகிறார். தாமிரபரணிக் கரையிலும் இங்கும் அவர் பக்திமான் என்று பெயர் பெற்றுவிட்டார்.

தின்னரைச் சொன்னேன். அதைப் பற்றி எழுதுவதற்காகவே இக்கட்டுரையை நீட்டினேன் எனினும் பிழையில்லை. திருமணமான புதிதில் நாங்கள் ஒற்றை அறையில் குடியிருந்தோம். சமையல், உறக்கம், பூஜை யாவும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள். புதுக் குக்கரின் மூடியில் இருந்த சீட்டு வரவில்லை என்று, வர்ணம் பூச வாங்கி வைத்திருந்த தின்னரைத் துணியில் நனைத்துத் தரையில் அமர்ந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துத்தான் இருந்தேன். அந்த மட்டில் எனக்கு அறிவு இருந்தது. ஆனால் நான்கடி தொலைவில் சுவாமி படத்தின் முன் அகல் எரிந்துகொண்டிருந்ததை எண்ணவில்லை. 'புஸ்' என்று ஓர் ஒலி. தரையோடு தரையாக நீலத் தீ ஒன்று பாய்ந்து வந்து என் கையிலிருந்த துணியைப் பற்றியது. என் மனைவி நனைந்த சாக்கை எடுத்து மூடினாள். புருவமும் முன்கை மயிரும் கருகியதோடு தப்பினேன். தூளியில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. அதற்குமேல் எழுத விரும்பவில்லை.

பிற்பாடுதான் காரணத்தை அறிந்தேன். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன் ஆகியவை சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகித் தீப்பற்றும் நிலையில் நிற்பவை. பெட்ரோலுக்கு உறைபனியைவிட மிகத் தாழ்ந்த குளிரிலும் அந்த ஆவி எழும். அவ்வாவி காற்றைவிடக் கனமானது; மேலே போகாமல் தரையில் படிந்து, நீர்போல் ஊர்ந்து சென்று, நெருப்பைத் தேடிக்கொள்ளும். மண்ணெண்ணெய் பற்றுவதற்கு ஏறத்தாழ நாற்பது டிகிரி சூடாவது வேண்டும். மும்பையின் கோடையில், அடுப்பருகில், அதுவும் தொலைவில் இல்லை. மருந்துக்கடை ஸ்பிரிட்டும், கைக்குத் தடவும் சானிட்டைசரும் பசையை நன்றாகவே கரைக்கும். ஆயினும் அவையும் தீயின் உறவினரே. பயன்படுத்தியே தீர வேண்டுமாயின் பால்கனியில், காற்றோட்டத்தில், விளக்கும் ஊதுவத்தியும் இல்லாத இடத்தில், பஞ்சில் நனையுமளவு மட்டும் எடுங்கள். அதுவும் உண்ணும் பாத்திரத்துக்கு வேண்டாம். இன்றும் தாராவியிலும் நம் பழைய கட்டடங்களிலும் ஒற்றை அறைக் குடும்பங்கள் பல உள்ளன. அவர்களை நினைந்தே எழுதுகிறேன். தேங்காயெண்ணெய் ஒரு ராத்திரி கேட்கும், கேட்கட்டும்.

எடுக்கலாகாத சீட்டுகளும் உண்டு. குக்கர், மிக்சி, மின்விசிறி ஆகியவற்றில் வரிசை எண் பொறித்த சீட்டைத் துடைத்துவிட்டால், பழுதுபார்ப்போரிடம் உத்தரவாதம் கேட்கும்போது விழிக்க நேரும். எரிவாயு உருளையின் கழுத்துத் தகட்டில் உள்ள எழுத்தும் எண்ணும், அடுத்த சோதனை எந்த ஆண்டின் எந்தக் காலாண்டில் என்பதைக் காட்டுவன. 'ஏ' என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, 'டி' என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதன்மேல் குழந்தைகள் ஒட்டிய பொம்மைச் சீட்டு மறைத்திருந்தால், அதை மட்டும் எடுத்துவிடுங்கள். எண்ணெய் போதும்; அங்கே வேறெதுவும் வேண்டாம்.

இனி ஆச்சியின் தவலை. பெயர் வெட்டும் தொழிலாளி ஒருவர் பாத்திரக்கடை வாயிலில் அமர்ந்திருப்பார். அவரிடம் எடுத்துச் சென்றேன். நல்ல கைவேலைக்காரர். அவருக்கு மராத்தியும் இந்தியும் தெரியும். தமிழ் எழுத்து தெரியாது. அழிந்துபோன 'மா', 'ள்' என்னும் இரண்டையும் காகிதத்தில் பெரிதாக எழுதிக் காட்டினேன். பார்த்துப் பார்த்து, பழைய எழுத்துகளின் அளவுக்கு ஒத்தாற்போலப் புள்ளி புள்ளியாகவே வெட்டிக் கொடுத்தார். கூலியாகச் சொன்ன தொகை அவர் உழைப்புக்கு மிகக் குறைவு. வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் கொடுத்தேன். அவருக்குக் கண்பார்வை மங்கல். விரலால் தடவிக்கொண்டே வந்தவர் கடைசி எழுத்தில் நின்றுவிட்டார். "புள்ளி எங்கய்யா?" என்றார்.

உண்மைதான். 'ள்' என்னும் எழுத்தின்மேல் உள்ள புள்ளியை, பேனாவிலிருந்து சிந்திய மை என்று அத்தொழிலாளி கருதி விட்டுவிட்டார். மறுபடியும் கடைக்குச் செல்வதாகச் சொன்னேன். ஆச்சி இசையவில்லை, பேரனை விட்டு ஆணியும் சுத்தியலும் எடுத்துவரச் சொல்லி, என்னையே வைக்கச் சொன்னார். கை நடுங்க ஒரே தட்டில் வைத்தேன். எழுத்தின் நேர்மேலே அமையாமல் சற்று வலப்புறம் தள்ளி விழுந்திருக்கிறது. ஆச்சி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, தவலையை உள்ளே கொண்டுபோய் அரிசி போட்டுவிட்டார்.

வரும் சித்திரைப் புத்தாண்டு விருந்துக்கும் பாத்திரங்கள் இரவல் பெறப்படும். இம்முறை ஒட்டுச் சீட்டு இல்லை. பார்சல் மூட்டைகளில் கட்டும் துளையிட்ட கெட்டி அட்டைகளைத் தருவித்திருக்கிறேன். பாத்திரத்தின் காதிலோ வளையத்திலோ சணல் கயிற்றால் கட்டப்படும், அடுப்பில் ஏற்றும்போது அவிழ்த்து எழுத்தரிடம் கொடுத்துவிடலாம். காதும் வளையமும் இல்லாத தாம்பாளங்களை என்ன செய்வது என்பதற்கு மட்டும் இன்னும் வழி காணவில்லை. யோசனை உடையவர்கள் பங்குனி முடிவதற்குள் சொல்லியனுப்ப வேண்டுகிறேன். பழைய சீட்டு இன்னும் போகாதவர்கள், ஞாயிறு காலை பாத்திரத்தோடு என் வீட்டுக்கு வரலாம். எண்ணெய் என் செலவு.